கத்திக்கு முன்னால் கதிரும் மருந்தும்
வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

மலத்தில் இரத்தம் வந்தால் மூலம் என்று தாமாகவே முடிவுகட்டிவிட வேண்டாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மலக்குடல் புற்றுநோய் ஏற்கெனவே உறுதியாகிவிட்ட குடும்பங்களிலிருந்து வந்தவை. அறுவை சிகிச்சைக்கு முன்பு தரப்படும் கதிர்வீச்சையும் மருந்தையும் பற்றியே பலரும் கேட்டிருப்பதால், இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

*

கேள்வி: என் தந்தையாருக்கு வயது 61. ஆசனவாயிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரத்தில் மலக்குடலில் கட்டி இருப்பதும், அது புற்றுநோய் என்பதும் பயாப்சியில் உறுதியாகிவிட்டன. உடனே அறுவை சிகிச்சை செய்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தோம். ஆனால் ஐந்தரை வாரம் கதிர்வீச்சும் மாத்திரையும், பிறகு இரண்டு மாத இடைவெளி, அதன் பிறகே அறுவை என்கிறார்கள். கட்டியை உள்ளேயே வைத்துக்கொண்டு இத்தனை நாள் கடத்தினால் அது பரவிவிடாதா? வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

பதில்: சகோதரி, கட்டி என்றால் முதலில் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று தோன்றுவது இயல்பு, மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் செய்துவந்தார்கள். அப்படிச் செய்ததில் கிடைத்த கசப்பான அனுபவத்திலிருந்துதான் இப்போதைய வரிசை பிறந்தது.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் அளவிலான பகுதி. வயிற்றின் மேற்பகுதியில் ஓடும் குடலில் கட்டி வந்தால், அறுவை மருத்துவர் இரு பக்கமும் தாராளமாக இடம்விட்டு வெட்டி எடுக்க முடியும். மலக்குடலோ குறுகிய இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறங்கி இருக்கிறது. பின்னால் எலும்பு, முன்னால் சிறுநீர்ப்பையும் புராஸ்டேட் சுரப்பியும், பெண்களுக்குக் கருப்பையும் யோனியும், இரு பக்கங்களிலும் சிறுநீரையும் பாலுறவையும் ஆளும் நரம்புகள். இந்த நெருக்கடியில் மில்லிமீட்டர் கணக்கில்தான் இடம் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் அங்கே தங்கிவிட்டால், அறுவை நன்றாக முடிந்தது என்று வீட்டுக்குப் போனவருக்கு ஓரிரு ஆண்டுகளில் அதே இடத்தில் கட்டி மீண்டும் முளைக்கும். இடுப்புக்குள் திரும்பிவரும் புற்று தரும் வலி மிகக் கொடியது. இரண்டாம் முறை அதை முழுமையாக அகற்றுவதும் பலருக்கு முடியாமல் போகும்.

இதைக் குறைக்க இரண்டு வழிகள் வந்தன. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரத்து அறுவை மருத்துவர் பில் ஹீல்ட், மலக்குடலை மட்டும் பிரித்தெடுக்காமல், அதைச் சுற்றியுள்ள கொழுப்புப் பொதியையும் நிணநீர் முடிச்சுகளையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வு கிழியாமல், உறையோடு சேர்த்து எடுக்கும் முறையை 1982-இல் விவரித்தார். இன்னொரு வழி, அறுவைக்கு முன்பே கதிர்வீச்சு. 1997-இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வில், முன்கூட்டியே 5 நாள் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு அதே இடத்தில் நோய் திரும்புவது 27 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்தது. ஹீல்டின் முறையில் அறுவை செய்தவர்களுக்கும் கதிர்வீச்சு தேவையா என்று நெதர்லாந்தில் சோதித்தபோது, இரண்டு ஆண்டு முடிவில் அந்த அளவு 8.2-லிருந்து 2.4 சதவீதமாக இறங்கியிருந்தது.

அப்படியானால் அறுவையை முடித்துவிட்டுப் பிறகு கதிர்வீச்சு தரலாமே என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியை ஜெர்மானிய மருத்துவர்கள் நேரடியாகவே சோதித்து 2004-இல் விடை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஒரே அளவு கதிர்வீச்சு, ஒரே மருந்து. ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு முன், மற்றவர்களுக்குப் பின். ஐந்து ஆண்டு முடிவில், முன்னால் பெற்றவர்களில் 6 சதவீதத்தினருக்கும், பின்னால் பெற்றவர்களில் 13 சதவீதத்தினருக்கும் அதே இடத்தில் நோய் திரும்பியிருந்தது. சிகிச்சைக் காலத்தில் வந்த கடுமையான பக்கவிளைவுகளும் முன்னால் பெற்றவர்களுக்கு 27 சதவீதம், பின்னால் பெற்றவர்களுக்கு 40 சதவீதம். ஆனால் ஐந்து ஆண்டு உயிரோடிருந்தவர்களின் விகிதம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றுதான். இதையும் சொல்லிவிட வேண்டும். முன்கூட்டிய சிகிச்சையின் பெரிய பலன், இடுப்புக்குள் நோய் திரும்பாமல் காப்பதுதான்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. கதிர்வீச்சு புற்றுசெல்லின் மரபணு இழையை அறுக்கிறது. அருகில் பிராணவாயு இருந்தால்தான் அந்த அறுபடல் ஒட்டிக்கொள்ளாமல் நிலைக்கும். அறுவைக்குப் பிறகு அந்த இடம் தழும்பாகி இரத்த ஓட்டம் குன்றிவிடுகிறது, பிராணவாயுவும் குறைகிறது. அதோடு, மலக்குடல் போன வெற்றிடத்தில் சிறுகுடல் சரிந்து இறங்கிக் கதிரின் பாதையில் படுத்துக்கொள்கிறது. கதிரைத் தாங்கும் வலு சிறுகுடலுக்கு மிகக் குறைவு.

இனி அந்த இரண்டு மாத இடைவெளி. கதிர் பட்ட புற்றுசெல் அன்றைக்கே சாவதில்லை. அது அடுத்தடுத்துப் பிரிய முயலும்போதுதான் உடைந்த மரபணுவால் முடியாமல் சாகிறது. கதிர்வீச்சு முடிந்த பிறகும் கட்டி வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே போவது இதனால்தான். வீக்கமும் புண்ணும் ஆறுவதற்கும் காலம் வேண்டும். ஆகவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் காத்திருப்பது வழக்கம். உங்கள் தந்தையாருக்கு இந்த மாதங்களில் சிகிச்சை தள்ளிப்போகவில்லை, நடந்துகொண்டிருக்கிறது. மிகச் சிலருக்குக் கட்டி எதிர்பார்த்தபடி சுருங்காமல் போவதுண்டு என்பதால், அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. ஸ்கேனை மறுபடியும் எடுத்துப் பார்ப்பார்கள். அந்தத் தேதியை இப்போதே கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: என் அண்ணனுக்கு 28 நாள் கதிர்வீச்சு என்றார்கள். அதே நோய்க்கு, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு 5 நாள்தான். இன்னொருவருக்கு நேரடியாக அறுவை. பணத்துக்காக நீட்டுகிறார்களோ என்ற சந்தேகம் வருகிறது.

பதில்: மூவருக்கும் சரியான சிகிச்சையே நடந்திருக்கலாம். எதை யாருக்குத் தருவது என்பதை முடிவுசெய்வதில் முதலிடம் இடுப்பின் எம்.ஆர்.ஐ. படத்துக்கு. அந்தப் படத்தில் மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பு வெண்மையாகத் தெரியும். அந்த வெண்மைக்கு வெளிவரம்பாக, பென்சிலால் இழுத்ததுபோல ஒரு மெல்லிய கருங்கோடு ஓடும். நான் முன்பு சொன்ன சவ்வுதான் அது. அறுவை மருத்துவரின் கத்தி போக வேண்டிய பாதையும் அதுவே. கட்டி குடல்சுவருக்குள்ளேயே அடங்கி, நிணநீர் முடிச்சுகளும் சுத்தமாக இருந்தால் நேரே அறுவைக்குப் போகலாம். அவருக்குக் கதிர்வீச்சு தேவையற்ற சுமை. கட்டி சுவரைத் தாண்டியிருந்தாலோ, முடிச்சுகளில் நோய் இருந்தாலோ, முன்கூட்டிய சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். அந்தக் கோட்டுக்கு 1 மில்லிமீட்டர் அளவுக்குள் கட்டி நெருங்கிவிட்டிருந்தால், முதலில் கட்டியைப் பின்வாங்கச் செய்யாமல் கத்தியை எடுப்பது ஆபத்து.

கதிர்வீச்சில் இரண்டு முறைகள் உண்டு. குறுகிய முறையில் நாளுக்கு 5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் 5 நாளில் 25 கிரே. உடன் மருந்து கிடையாது. நீண்ட முறையில் நாளுக்கு 1.8 கிரே வீதம் 28 முறை, மொத்தம் 50.4 கிரே, உடன் மாத்திரையோ ஊசி மருந்தோ உண்டு. வாரத்துக்கு ஐந்து நாள் என்பதால் இது ஐந்தரை வாரம் நீள்கிறது. ஒரே தடவையில் பெரிய அளவு படும்போது அதன் வீரியம் கூடுதல் என்பதால், 25-ஐயும் 50-ஐயும் வெறும் எண்களாக ஒப்பிட முடியாது.

அண்மை ஆண்டுகளில் மூன்றாவது ஏற்பாடு ஒன்று வலுப்பெற்றிருக்கிறது. அறுவைக்குப் பிறகு தந்துவந்த முழு வீரிய மருந்து சிகிச்சையையும் அறுவைக்கு முன்னாலேயே கொண்டுவந்துவிடுவது. அறுவையால் உடம்பு தளர்ந்த பிறகு பலரால் அந்த மருந்தை முழுமையாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை என்பதும், கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ கிளம்பிவிட்ட நுண்ணிய செல்களை முன்னதாகவே தாக்கலாம் என்பதும் இதன் பின்னுள்ள எண்ணம். பிரான்சு நாட்டில் நடந்த ஓர் ஆய்வில், இப்படி முதலில் மூன்று மாதம் மருந்து பெற்றவர்களில் மூன்றாண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் 76 சதவீதம்; பழைய முறையில் 69 சதவீதம். 2021-இல் வெளியான ராபிடோ ஆய்வில் 5 நாள் கதிர்வீச்சுக்குப் பிறகு நீண்ட மருந்து தந்தபோது, வெட்டியெடுத்த குடலில் புற்றுசெல் ஒன்றுகூட மிஞ்சாதவர்களின் பங்கு 14-லிருந்து 28 சதவீதமாக இருமடங்கானது. ஆனால் ஐந்து ஆண்டுக் கணக்கில், இடுப்புக்குள் நோய் திரும்பியது அந்தப் பிரிவில் சற்று அதிகமாகவே இருந்தது. ஒவ்வொரு வழியிலும் ஒரு விலை இருக்கிறது என்பதால்தான் அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்து சிகிச்சை மருத்துவர், ஸ்கேன் பார்ப்பவர் ஆகியோர் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். உங்கள் அண்ணனின் விஷயத்தில் அப்படிக் கூடிப் பேசினார்களா, அந்தக் கோட்டுக்கும் கட்டிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்ல முடியாத இரகசியம் அதில் ஏதுமில்லை.

*

கேள்வி: கதிர்வீச்சே புற்றைக் கொல்லும் என்றால் உடன் எதற்கு மாத்திரை? என் தாயாருக்கு மூன்றாவது வாரம் நடக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு முறை மலம் கழிக்கிறார். உள்ளங்கையும் பாதமும் எரிகின்றன. மாத்திரையையாவது நிறுத்திவிடலாமா என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

பதில்: பெரும்பாலும் அந்த மாத்திரை கேப்சிடபின் ஆக இருக்கும். உடலுக்குள் போய் 5-ஃப்ளூரோயூராசில் என்ற பழைய மருந்தாக மாறுகிறது. 1957-இல் அறிமுகமாகி இன்றுவரை குடல் புற்றுநோய் சிகிச்சையின் முதுகெலும்பாக இருப்பது. கதிரோடு சேரும்போது அதன் வேலை சற்று வேறு. கதிர் அறுத்த மரபணு இழையைச் செல் தானே ஒட்டவைத்துக்கொள்ளப் பார்க்கும். அதற்குத் தேவையான மூலப்பொருள் கிடைக்காமல் இந்த மருந்து தடுத்துவிடும். 2006-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், வெறும் கதிர்வீச்சு பெற்றவர்களில் ஐந்து ஆண்டுக்குள் 17 சதவீதத்தினருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. மருந்தும் சேர்ந்தபோது அது 8, 9 சதவீதத்தில் நின்றது. இன்னும் கடுமையான மருந்தான ஆக்சாலிபிளாட்டினையும் கதிரோடு சேர்த்தால் மேலும் நல்லது என்று எதிர்பார்த்துச் செய்த ஆய்வுகளில், பெரும்பாலானவற்றில் பேதி கூடியதே தவிரப் பலன் கூடவில்லை.

மூன்றாவது வாரத்தில் உங்கள் தாயாருக்கு வந்திருப்பது எதிர்பார்த்ததுதான். முதல் இரண்டு வாரம் பலருக்கு ஒன்றுமே தெரியாது. மேசையில் படுத்துக்கொள்ள வேண்டும், இடுப்பில் குத்திய சிறு பச்சைப் புள்ளிகளைச் சிவப்புக் கதிர்க்கோட்டோடு பொருத்துவார்கள், எல்லோரும் அறையைவிட்டு வெளியேறுவார்கள், எந்திரம் மெல்லிய முனகலோடு ஒரு சுற்று சுற்றும், சில நிமிடங்களில் எழுந்து வந்துவிடலாம். வலி இல்லை, உடம்பில் கதிர் தங்குவதும் இல்லை, அவர் பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். குடலின் உட்படலம் நாளுக்கு நாள் தேய்ந்து, மூன்றாம் வாரத்திலிருந்து பேதி, முக்கல், சிறுநீர்க் கடுப்பு, சோர்வு எல்லாம் தலைகாட்டும்; சிகிச்சை முடிந்து ஓரிரு வாரம் வரைகூட ஏறிவிட்டுப் பிறகு இறங்கும்.

வீட்டிலேயே கூடிப் பேசி மாத்திரையை நிறுத்த வேண்டாம். அதே சமயம், எட்டு முறை பேதி என்பதை மருத்துவரிடம் சொல்லாமலும் இருக்க வேண்டாம். சில நாள் மருந்தை நிறுத்திவைத்துக் கதிர்வீச்சை மட்டும் தொடர்வதும், பிறகு அளவைக் குறைத்துத் தருவதும் எங்களுக்கு அன்றாட வேலை. இடையில் கதிர்வீச்சு நாட்கள் தேவையின்றி விட்டுப்போவதுதான் கெடுதல். அந்த இடைவெளியில் மிஞ்சிய செல்கள் மீண்டும் பெருகும். உணவு உண்ட அரை மணிக்குள் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக் கூடாது. நார்ச்சத்து குறைந்த, எளிதில் செரிக்கும் உணவைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் போதிய அளவு உள்ளே போகட்டும். ஆசனவாயைச் சுற்றிக் காகிதத்தால் துடைக்காமல் வெதுவெதுப்பான நீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கைகால் எரிச்சல் இந்த மாத்திரைக்கே உரியது. கதவுத் தாழ்ப்பாளைத் திருகும்போதே விரல் நுனி எரியும், பிறகு தோல் உரியும். சூடான நீரில் கை வைக்காமல், இறுக்கமான செருப்பைத் தவிர்த்து, நாளுக்குப் பலமுறை களிம்பு தடவிவந்தால் குறையும்.

கீழே சொல்பவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது: 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், நீர்கூட இறங்காதபடி வாய்ப்புண், இரவிலும் எழுப்பும் பேதி, நெஞ்சு வலி. இந்த மருந்து சிலருக்கு இதய இரத்தக் குழாயைச் சுருங்கவைக்கும். நெஞ்சு வலி வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிறவியிலேயே இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு முதல் சில நாட்களிலேயே விளைவு கடுமையாகும்; அதை முன்கூட்டியே கண்டறிய இரத்தப் பரிசோதனை உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், வலிப்புக்கு பெனிடாயின், சத்துக்காக ஃபோலிக் அமிலம், இவற்றில் எதை எடுத்துக்கொண்டிருந்தாலும் கட்டாயம் சொல்லுங்கள்.

*

கேள்வி: எனக்கு வயது 33. குழந்தை இல்லை. அடுத்த வாரம் கதிர்வீச்சு தொடங்குகிறது. இதற்குப் பிறகு நான் தாயாக முடியுமா? இதைக் கேட்பதற்கே கூச்சமாக இருந்தது.

பதில்: அம்மா, கூச்சப்படாமல் எழுதியதற்கு நன்றி, தொடங்குவதற்கு முன்பே எழுதியதற்கு இன்னும் அதிக நன்றி. இடுப்புக்குத் தரும் இந்த அளவுக் கதிர்வீச்சில் சினைப்பை பெரும்பாலும் செயலிழந்து மாதவிலக்கு நின்றுவிடும். கருப்பையும் கதிரின் பாதையில் இருப்பதால் பின்னாளில் கருவைச் சுமப்பதும் கடினமாகும். ஆகவே கருமுட்டையையோ கருவையோ உறைநிலையில் சேமிப்பது, சினைப்பையைக் கதிரின் எல்லைக்கு மேலே நகர்த்திவைப்பது ஆகிய இரண்டையும் பற்றி இந்த வாரமே கருத்தரிப்பு மருத்துவரைப் பாருங்கள். முட்டை சேகரிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். அதற்காகத் தொடக்கத்தைச் சில நாள் தள்ளலாமா என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். 2023-இல் வெளியான பிராஸ்பெக்ட் ஆய்வில், மலத்தை அடக்கிவைக்கும் ஆசனவாய்ச் சுருக்குத் தசையை நீக்காமல் அறுவை செய்யக்கூடிய, மிக முற்றாத கட்டி உள்ளவர்களுக்கு முதலில் மருந்து மட்டும் தந்து, கட்டி போதுமான அளவு சுருங்காதவர்களுக்கு மட்டுமே கதிர்வீச்சைக் கூட்டினார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அறுவைக்கு முன் கதிர்வீச்சே தேவைப்படவில்லை. ஐந்து ஆண்டு பலனும் பழைய முறைக்குக் குறைவாக இல்லை. உங்கள் கட்டி அந்த வகையைச் சேர்ந்ததா என்பதை எம்.ஆர்.ஐ.தான் சொல்லும். கதிர்வீச்சு தேவை என்றே முடிவானால், யோனி சுருங்காமலிருக்கச் செய்யும் பயிற்சிகளையும் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆண் வாசகர்களும் விந்தணுவைச் சேமிப்பது பற்றி முதல் நாள் கதிர்வீச்சுக்கு முன்பே கேட்க வேண்டும். மருத்துவர் தாமாகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

*

கேள்வி: கதிர்வீச்சும் மருந்தும் முடிந்து பத்து வாரமாகிறது. இரத்தப்போக்கு நின்றுவிட்டது. குழாய் விட்டுப் பார்த்ததில் தழும்புதான் தெரிகிறதாம். இனி அறுவை எதற்கு? வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: ஐயா, நல்ல செய்திதான். ஆனால் இரத்தம் நின்றது மட்டும் சான்றாகாது. விரலால் தொட்டுப் பார்க்கும்போது மேடு பள்ளம் இல்லாமல் வழுவழுப்பாக இருக்க வேண்டும்; குழாயில் பார்க்கும்போது வெளுத்த தட்டையான தழும்பு மட்டுமே தெரிய வேண்டும்; எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி இருந்த இடம் கறுத்த நார்த் தழும்பாகத் தெரிய வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால்தான் கட்டி முழுமையாகக் கரைந்தது என்று கருதலாம்.

அப்படிக் கரைந்தவர்களை அறுவை செய்யாமல் கண்காணிக்கலாம் என்று பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரத்து அறுவை மருத்துவர் ஏஞ்சலிட்டா ஹாப்ர்-காமா 2004-இல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. இன்று அது உலகெங்கும் ஒப்புக்கொண்ட வழிகளுள் ஒன்று. பல நாடுகளிலிருந்து, இப்படிக் கரைந்த 880 பேரின் விவரங்களைத் திரட்டி 2018-இல் வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் நால்வரில் ஒருவருக்குக் கட்டி மீண்டும் முளைத்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை குடல்சுவரிலேயே, விரலுக்கும் குழாய்க்கும் எட்டும் இடத்தில் இருந்தன.

நான்கில் மூவருக்கு அறுவை தேவைப்படவில்லை என்று இதைப் படிக்கலாம். ஆனால் அந்த ஒருவர் தப்பியது, ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போனதால்தான். முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனையும் குழாய்ப் பரிசோதனையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ., இடையிடையே மார்பு வயிற்று ஸ்கேனும் சி.இ.ஏ. என்ற புற்றுநோய்க் குறியீட்டுப் புரதத்துக்கான இரத்தப் பரிசோதனையும் என்று ஐந்து ஆண்டு போக வேண்டியிருக்கும். அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி வராமல் போனவர்களைக் கண்டிருக்கிறேன். ஒன்றரை ஆண்டு கழித்து இடுப்பு வலியோடு வந்தார்கள். ஆகவே உங்கள் மருத்துவரிடம் "அறுவை வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். "எனக்குக் கட்டி முழுமையாகக் கரைந்திருக்கிறதா, கண்காணிப்பு முறைக்கு நான் தகுதியா, அதற்கான ஏற்பாடு இங்கே இருக்கிறதா" என்று கேளுங்கள். தழும்பில் துளி சந்தேகம் இருந்தாலும் அறுவைக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: கதிர்வீச்சும் அறுவையும் இல்லாமல் ஊசியிலேயே மலக்குடல் புற்றுநோய் குணமாவதாகச் செய்தி வந்ததே, உண்மையா?

பதில்: உண்மை, ஆனால் ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும். மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்களில் குறைபாடு உள்ள கட்டிகளுக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை ஆறு மாதம் தந்ததில், முதல் 12 பேருக்கும் கட்டி முழுமையாகக் கரைந்ததாக நியூயார்க் மருத்துவர்கள் 2022-இல் அறிவித்தார்கள். பின்னர் சேர்ந்தவர்களிடமும் அதே பலன் தொடர்ந்தது. மலக்குடல் கட்டிகளில் 5 முதல் 10 சதவீதம் வரையே இந்த வகை. பயாப்சியில் எடுத்த அதே சதைத் துணுக்கிலேயே இதைச் சோதிக்கலாம் என்பதால், கதிர்வீச்சு தொடங்கும் முன் இந்தச் சோதனை முடிவு ஒவ்வொருவரின் கோப்பிலும் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இந்த ஊசி, இன்றைய நிலையில், கதிருக்கும் மருந்துக்கும் மாற்றாகாது.

*

கேள்வி: இத்தனையும் செய்துகொண்டால், மலம் வெளியேற வயிற்றில் துளையிட்டுப் பை வைக்காமல் தப்பலாமா?

பதில்: சிலரால் முடியும். முன்பு சொன்ன ஜெர்மானிய ஆய்வில், சுருக்குத் தசையோடு சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும் என்று தொடக்கத்தில் கணித்தவர்களில், முன்கூட்டி சிகிச்சை பெற்ற 39 சதவீதத்தினருக்குத் தசையைக் காக்க முடிந்தது; நேரே அறுவைக்குப் போனவர்களில் 19 சதவீதம்தான். கட்டி அந்தத் தசைக்குள்ளேயே ஊடுருவியிருந்தால், சுருங்கிய பிறகும் நிரந்தரப் பை தேவைப்படலாம்.

தசை தப்பியவர்களுக்கும் இணைத்த குடல் ஆறும்வரை சில மாதம் தற்காலிகப் பை வைப்பது வழக்கம். அதை மூடிய பிறகு குடல் பழையபடி இயங்காது. அடுத்தடுத்துப் பலமுறை போக வேண்டியிருப்பது, அடக்க முடியாமல் போவது, காற்றா மலமா என்று பிரித்தறிய முடியாமை ஆகியவை பலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். கட்டி எவ்வளவு கீழே இருந்ததோ அந்த அளவுக்கு இது கூடும், கதிர்வீச்சும் அதைக் கூட்டும். பயிற்சியும் மருந்தும் ஓரளவு உதவும். நல்ல முறையில் பொருத்திய பையோடு வேலைக்குப் போய் வருபவர்களில், அடக்க முடியாத குடலோடு வீட்டிலேயே முடங்கியிருப்பவர்களைவிட நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனவே அறுவைக்கு முன்பே, பை பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியரைச் சந்தித்து, பையை உங்கள் இடுப்பில் ஒருநாள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தும் குனிந்தும் நடந்தும் பாருங்கள். துளை எந்த இடத்தில் வந்தால் உங்களுக்கு வசதி என்று அவர் மையால் அடையாளமிட்டு அனுப்புவார்.